ஸ்டூவர்ட் கட்சியும் கிளார்க் கட்சியும்

என் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தவர்கள் இரண்டு பேர். இருவருமே ஸ்காட்லாந்துக்காரர்கள். ஜிம் கிளார்க் செத்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. ஜாக்கி ஸ்டூவர்ட் பந்தயக் காரை விட்டு இறங்கி மூன்று வருஷம். எருமப்பட்டியில் சௌந்திரம் என்று ஒருத்தி இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் எழுபத்தாறாம் வருஷம் முழுக்க அவர்களை நான் திட்டாத நாளில்லை.

என் அப்பா அப்புசாமிக்கு நாலு லாரி. செங்கோட்டையன் மாமாவுக்கு இரண்டு. மாமா ஒரு காலத்தில் எங்கள் லாரியில் டிரைவராக இருந்தவர்தான். ஏதோ காரணத்தால் வேலையை விட்டார், சொந்த லாரி வாங்கினார், அப்புறம் நாமக்கல் லாரிப் பேட்டையில் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலிக்கே வந்துவிட்டார். இரண்டு பேர் வண்டியும் மெட்ராஸுக்குச் சேர்ந்து லோடு போனபோது, சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் நடக்கிறது என்று யாரோ கூட்டிப்போனார்கள். போனது இரண்டு லாரி முதலாளிகள். திரும்பி வந்தது இரண்டு பைத்தியங்கள்.

உள்ளூர்ப் பந்தயத்தோடு நின்றிருந்தால் தேவலை. உலகத்தில் எங்கெல்லாம் ஃபார்முலா ஒன் நடக்கிறது, யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்று அத்தனையும் தெரிய வேண்டும் அவர்களுக்கு. இருவருக்கும் இங்கிலீஷ் வராது. நான் சேலத்தில் பி.எஸ்ஸி. கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். மாமாவின் மகன் பாலசுந்தரம் அங்கேயே பாலிடெக்னிக்கில் இருந்தார். பழைய பேப்பர் கடையில் வெளிநாட்டு மோட்டார் பத்திரிகை கிடைத்தால் வாங்கி வந்து படித்துச் சொல்வது எங்கள் வேலை. அந்தக் கடையில்தான் ஒருநாள் ஒரே பத்திரிகையின் இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்தோம். விட்டுக்கொடுத்தது அவர்தான். எனக்கு அன்றைக்கே அவரைப் பிடித்துப்போய்விட்டது.

ஜாதகம் பொருந்தியது, குலக் கூட்டம் வேறு வேறு, சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சம்மதம். இனி என்ன தடை என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

லாரிக்காரர்களுக்குப் புள்ளிவிவரம் என்று தனியாக ஒன்று கிடையாது. எல்லாம் நடைக் கணக்குதான். பந்தயத்துக்குப் போனால் ஒரு நடை, ஜெயித்தால் லோடு போய்ச் சேர்ந்தது, நடுவில் கார் நின்றால் அது யார் தப்பு என்று விசாரணை. ஊர்களையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். மொன்சா என்றால் கரூர் ரோடு, மிதித்துக்கொண்டே போகலாம். மொனாக்கோ என்றால் சந்தை நாளில் சேலம் கடைவீதி. ஜெர்மனியில் காட்டுக்குள் மேடும் பள்ளமுமாக வளைந்து ஓடும் நூர்பர்க்ரிங் என்றால் கொல்லிமலை ரோடு. இதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நானே பரீட்சைக்கு இவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை.

பெண் பார்க்க வந்த அன்றைக்குக் காப்பி கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றேன். ஐந்து நிமிஷம் ஆகவில்லை.

“ஏப்பா செங்கோட்டையா, இருவத்தேழு பெருசா, இருவத்தஞ்சு பெருசா? ஸ்டூவர்ட்டு இருவத்தேழு ரேசு ஜெயிச்சிருக்கறான். உன்ற கிளார்க்கு இருவத்தஞ்சு. இதுல பேச என்ன கெடக்குது?” என்றார் அப்பா.

“நடைக் கணக்கையும் சேத்துப் பாக்கோணுமுங்க மச்சான்,” என்றார் மாமா. “கிளார்க்கு எழுவத்திரண்டு நடை போயி இருவத்தஞ்சு. உங்காளு தொண்ணூத்தொம்பது நடை போயி இருவத்தேழு. உங்காளு தோத்த நடை மட்டுமே எழுவத்திரண்டுங்க!”

இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு முறுக்கு தின்றார்.

“கிளார்க்கு எத்தன ரேசுல வண்டிய வழியில நிறுத்திப்போட்டு நடந்து வந்தான், அதையும் சொல்லு.”

“பிஞ்சுபோற வண்டியக் குடுத்த மொதலாளியக் கேளுங்க. டிரைவர் என்னங்க பண்ணுவான்?”

அப்பாவுக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். காது சிவந்தது. நான் படித்துச் சொன்னதிலேயே பெரிய அஸ்திரத்தை எடுத்தார். “அறுவத்தெட்டுல நூர்பர்க்ரிங்குல என்னாச்சு? மழ, பனி, முன்னால போற வண்டி தெரியல. அத்தன வளைவுலயும் மிதிச்சு, ரெண்டாவது வந்தவனுக்கு நாலு நிமிசம் முன்னால வந்து நின்னாம்பா ஸ்டூவர்ட்டு! மழையில ஓட்டறவன்தான் டிரைவரு. மத்தவனெல்லாம் சும்மா ஸ்டீரிங்கப் புடிச்சுட்டு ஒக்காந்திருக்கறவன்.”

மாமா முகம் சட்டென்று மாறியது. துண்டை உதறித் தோளில் போட்டார். “நாங்க போயிட்டு வாரோமுங்க,” என்று எழுந்தார். சாப்பாடு தயாராக இருந்தது. ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் போனார். பின்னாலேயே போன பாலசுந்தரம் வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது.

“ஸ்டூவர்ட்டப் பெரியவன்னு ஒத்துக்காத ஊட்டுக்கு என்ற புள்ளையக் குடுக்க மாட்டேன்,” என்று அப்பா அறிவித்தார்.

அம்மா மயிலம்மாள் கரண்டியோடு வெளியே வந்தாள். “எந்தச் சீமையிலயோ எவனோ கார் ஓட்டுனதுக்கு என்ற புள்ள கல்யாணம் நிக்கோணுமா? நல்லா இருக்குதுங்க உங்க நாயம்!” என்றாள். அப்பா மூன்று நாள் ரசமும் சோறும்தான் சாப்பிட்டார், வேறு எதுவும் பரிமாறப்படவில்லை. நாலாவது நாள் அம்மாவே மாமா வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். தீபாவளி கழிந்த வளர்பிறையில் உப்பு சர்க்கரை மாற்றுவது, தாலி கட்டும்வரை இரண்டு பேரும் பந்தயப் பேச்சை எடுக்கக் கூடாது. இதுதான் ஒப்பந்தம். எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீட்டார் உப்பும் சர்க்கரையும் கொண்டுவந்து, இரு வீட்டாரும் கை மாற்றிக்கொண்டால் நிச்சயம் முடிந்தது. அதற்கப்புறம் யாராலும் பின்வாங்க முடியாது. அந்த உப்பு மட்டும் கை மாறிவிட்டால் போதும் என்று நான் வேண்டாத சாமியில்லை.

ஆனால் அந்த வருஷம் பார்த்துத்தானா முந்தின வருஷத்து உலகச் சாம்பியன் நிக்கி லாடா தீயில் விழ வேண்டும்! ஆகஸ்டில், அதே நூர்பர்க்ரிங்கில், கார் பற்றி எரிந்து சாகக் கிடந்தார். ஆறே வாரத்தில் தலையில் கட்டோடு மொன்சாவுக்கு வந்து நாலாவதாக முடித்தார். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தவரை அப்பா என்னை மாட்டுக் கொட்டகைப் பக்கம் கூப்பிட்டு ரகசியமாகக் கேட்பார். “சாமி, அந்தப் பையன் பொழச்சுக்குவானா?” கடைசிப் பந்தயம் ஜப்பானில் ஃபியூஜியில். சாம்பியன் பட்டத்துக்கான கணக்கில் லாடா மூன்று புள்ளி முன்னால் இருந்தார், ஜேம்ஸ் ஹன்ட் பின்னால். தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை பந்தயம், அந்தப் புதன்கிழமை எங்கள் உப்பு சர்க்கரை.

திங்கட்கிழமை பேப்பரை நானே ஒளித்து வைத்தேன். பாலசுந்தரமும் அவர் வீட்டில் அதையே செய்திருப்பார் என்று நம்பினேன், செய்திருந்தார்.

புதன்கிழமை வீடு நிறைய ஆட்கள். நாமக்கல் லாரிப் பேட்டையே எங்கள் வாசலில் இருந்தது. பழைய முதலாளிகள், டிரைவர்கள், கிளீனர்கள்கூட. எல்லோரும் சீக்கிரமே வந்துவிட்டார்கள். நல்ல நேரம் பிறக்க அரை மணி இருந்தது. சும்மா இருக்கிற அரை மணிதான் மனுஷனைக் கெடுக்கும். யாரோ பாக்கு மடித்துக்கொண்டு வந்த இங்கிலீஷ் பேப்பர் அப்பா கையில் சிக்கியது. அதில் கார் படம்.

“சௌந்திரம்! இதென்ன போட்டிருக்குது, படி சாமி.”

“அப்பா, இப்ப வேண்டாமுங்க.”

“ஒருக்கா படி. பேசமாட்டேன், கேக்கறேன், அவ்வளவுதான்.”

சபையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படித்தேன். ஃபியூஜியில் கொட்டும் மழை. பாதையில் தண்ணீர் ஓடியது. லாடா இரண்டே சுற்றில் காரைக் கொண்டுவந்து நிறுத்தி இறங்கிவிட்டார். காரில் ஒரு கோளாறும் இல்லை, இந்த மழையில் ஓட்டுவது பைத்தியக்காரத்தனம் என்றாராம். ஹன்ட் மூன்றாவதாக வந்து ஒரே ஒரு புள்ளியில் உலகச் சாம்பியன் ஆகிவிட்டார்.

அப்பா தொடையில் தட்டினார். “இவன் டிரைவரு! ஸ்டூவர்ட்டும் வேண்டாம், கிளார்க்கும் வேண்டாம். சாம்பியன் பட்டமே போனாலும் போச்சாதுன்னு, ரோடு தெரியலீன்னா வண்டிய நிறுத்தறான் பாரு, அவனுக்குத்தான் தெகிரியம். என்ற புது வண்டிச் சாவிய இவங்கிட்டக் கண்ண மூடிட்டுக் குடுப்பேன்!”

மாமா எழுந்து நின்றார். அவர் மடியில் இருந்த வெற்றிலைத் தட்டு சாய்ந்தது.

“மொதலாளி,” என்றார்.

மச்சான் என்று அழைக்கிற வாய் அது.

“தொப்பூர் கணவாயில, உங்க வண்டிய நானும் மழையில நிறுத்துனேனுங்க. ஒரு முழத்துக்கு அக்கட்ட ரோடு தெரியல. மாம்பழ லோடு பெங்களூருக்குப் போயிச் சேர ஒரு நாள் தாமசமாயிப் பாதி அழுகிப்போச்சு. பேட்டையில இதே சனத்துக்கு முன்னால என்னங்க சொன்னீங்க? ‘பயந்தாங்கொள்ளிக்கு எதுக்குடா ஸ்டீரிங்கு’ன்னு கேட்டு என்ற கையிலிருந்து சாவியப் புடுங்குனீங்க. மழையில ஓட்டுன ஸ்டூவர்ட்டும் சூரன், மழையில நிறுத்துன லாடாவும் சூரன். நா மட்டும் பயந்தாங்கொள்ளிங்களா?”

அவர் வேலையை விட்ட காரணம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அப்பாவின் காதைப் பார்த்தேன். சிவக்கவில்லை. வெளுத்திருந்தது. பாலசுந்தரம் உப்புத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். யாராவது அதைத் திருப்பி எடுத்துப்போகச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தவர்போல. எனக்கும் அதே பயம்தான். என் வாழ்க்கை அந்தத் தட்டில் இருந்தது.

அப்பா மெதுவாக எழுந்தார். யாரைப் பார்த்தும் மன்னிப்புக் கேட்டறியாதவர். லாரி மோதினாலும் மரத்தைத்தான் திட்டுவார். அன்றைக்குப் பேட்டைக்காரர்கள் பக்கம் திரும்பி நின்றார்.

“எல்லாரும் கேட்டுக்குங்க. நாலு பேத்துக்கு முன்னால சொன்னத நாலு பேத்துக்கு முன்னாலதான் எடுக்கோணும். அன்னைக்கு எனக்கு மாம்பழந்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுது. இவன் உசுரோட வந்து நின்னது தெரியல. வண்டிய நிறுத்துனது சரி. நாம் பேசுனதுதான் தப்பு.” மாமாவின் கையைப் பிடித்தார். “நீ அன்னைக்கு நிறுத்தலீன்னா, செங்கோட்டையா, இன்னைக்கு என்ற புள்ளைக்கு உப்புக் கொண்டார ஆளு ஏது?”

மாமாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கண்ணீர் வந்தது, இரண்டையும் ஒரே துண்டால் துடைத்தார். “இத்தன வருசம் கிளார்க்குக்காகவாங்க சண்ட போட்டேன்? அந்த மனுசன் மூஞ்சிய நேருல பாத்ததுகூட இல்லீங்க மச்சான்!”

பேட்டையே சிரித்தது. அழுதுகொண்டிருந்த நானும் சிரித்தேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “நேரம் போகுதுங்க! உப்ப மாத்திப்போட்டு அப்பறம் கட்டிப்புடிங்க!” என்று அதட்டினாள். உப்பு கை மாறியது. சர்க்கரை கை மாறியது. நான் அப்போதுதான் மூச்சுவிட்டேன்.

விருந்தில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இலை. சமாதானம் ஆகிவிட்டது என்று நிம்மதியாகப் பாயசம் பரிமாறப் போனேன்.

“எப்படிப் பாத்தாலும் கிளார்க்கு கிளார்க்குதாம்ப்பா. எழுவத்திரண்டு நடையில இருவத்தஞ்சு லேசா?” என்றார் அப்பா.

“அதெப்படிங்க மச்சான்? இருவத்தேழு இருவத்தேழுதானுங்க. ஸ்டூவர்ட்டாட்ட ஆளு இனிப் பொறக்கோணும்,” என்றார் மாமா.

“உன்ற ஆள நீயே உட்டுக்குடுத்தா எப்படி? கிளார்க்கத்தான் பெரியவன்னு சொல்லோணும்!”

“சொல்ல மாட்டேனுங்க!”

சத்தம் பந்தலைத் தாண்டியது. அப்பாவின் காது சிவந்தது. எதிர் இலையில் பாலசுந்தரம் சிரிப்பை அடக்க முடியாமல் திணறினார். நான் அவர் இலைக்கு வந்தபோது குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: “ஏனுங்க, இவங்களுக்கெல்லாம் முன்னால ஓட்டுன ஃபாஞ்சியோ ஐம்பத்தொரு ரேசுல இருவத்திநாலு ஜெயிச்சிருக்கறார். கணக்குப்படி இந்த ரெண்டு பேரையும் விட அவர்தான் பெரியவர். உங்களுக்கும் தெரியுமில்ல?”

தெரியும். மாதக்கணக்கில் எனக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்று நினைத்திருந்தேன். இந்த மனிதரோடு காலம் முழுக்கச் சந்தோஷமாக இருப்பேன் என்று அந்த நிமிஷம் எனக்குச் சந்தேகமே இல்லை.

“தாலி கட்டற வரைக்கும் அந்தப் பேர வெளிய எடுக்காதீங்க,” என்று சொல்லி, அவர் இலையில் இரண்டு கரண்டி பாயசம் ஊற்றினேன்.