கீழே வைக்காமல்

“அண்டைக்கு அவ அழேல்லையோ அம்மா?”

ஏழு வயதில் சிவகௌரி கேட்ட கேள்வி அது. அவள் அம்மா சந்திரவதனா சாம்பியாவில் ஒரு கிராமத்துப் பிரசவ விடுதியில் மருத்துவிச்சியாக இருந்தவள். கௌரியும் அங்கேதான் பிறந்தாள், நாள் நிறையாமல், இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில். பிரசவத்தோடு அம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டது. பிள்ளையைச் சூடாக வைக்க அங்கே பெட்டியும் கிடையாது, மின்சாரமும் கிடையாது. அடுத்த கட்டிலில் எஸ்தர் என்றொரு பெண். முதல்நாள் அவளுடைய குழந்தை அம்மாவின் கையில்தான் பிறந்தது. மூச்சு விடவே இல்லை. காலையில் அதைப் புதைத்துவிட்டு வந்தவள், மத்தியானம் கௌரியைத் தன் வெறும் மார்போடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டாள். தன் பாலைக் கொடுத்தாள். பிள்ளை தேறும்வரை அப்படியே திரிந்தாள்.

“அழுதவாதான்,” என்றாள் அம்மா. “உன்னைக் கீழை வைக்காமல் அழுதவா.”

இன்று அந்த அம்மாவைத் தகனசாலையில் விட்டுவிட்டு வந்து, லண்டன் ஈஸ்ட் ஹாம் வீட்டில் ஈரத்தலையோடு நின்றாள் கௌரி. கண்ணில் இன்னும் ஒரு சொட்டு வரவில்லை. பெட்டை கல்லுப்போல நிக்குது என்று யாரோ சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது.

சுவருக்கு அப்பால் மெல்லிய அழுகை கேட்டது. பக்கத்து வீட்டுக் கிரேஸின் பிள்ளை. கிரேஸ் கானாவிலிருந்து வந்தவள், சொந்தமென்று இங்கே ஒருவரும் இல்லாதவள். குறைமாதப் பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாள்முதல், பின்னேரங்களில் அம்மா போய் அதை நெஞ்சில் கட்டிக்கொண்டு உட்காருவாள். கிரேஸ் அந்த நேரந்தான் உறங்குவாள். போன வெள்ளிக்கிழமை அம்மாவின் இதயம் நின்றுபோனது. பிறகு அங்கே யாரும் போகவில்லை.

“மாமி, பிள்ளை அழுகுது.”

“பச்சைப்பிள்ளை அழாமல் தேவாரமே படிக்கும்? நீ தேத்தண்ணியைக் குடி,” என்றாள் சுலோச்சனா மாமி.

“ஒருக்காப் போயிட்டு வாறன்.”

“விசரே உனக்கு? செத்தவீட்டுத் துடக்கோட பச்சைப்பிள்ளையைத் தூக்குறதே? முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியட்டும். அதுக்கு ஒண்டு நடந்தால் ஆர் பதில் சொல்லுறது?”

“என்னைத் தூக்கினவாவும் துடக்குத்தானே மாமி.”

“அது அவையின்ர முறை,” என்றாள் மாமி, குரலைத் தாழ்த்தி. பிறகு துவாயை எடுத்துக்கொண்டு தலைக்குத் தோய மாடிக்குப் போனாள்.

மேலே தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் கௌரி வெளியே இறங்கினாள்.

கதவைத் திறந்த கிரேஸின் கண்கள் குழிவிழுந்து கிடந்தன. உன் அம்மா என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். கௌரி கைகளை நீட்டினாள். மாமி சொன்னதை வெறும் பேச்சென்று தள்ள அவளுக்கும் துணிவில்லை. முருகா, என்னால் இதற்கு ஒன்றும் வந்துவிடக்கூடாது.

கிரேஸ் நாற்காலியிலிருந்து ஒரு துணியை எடுத்துக் கொடுத்தாள். மஞ்சளும் மண்ணிறமும் வெளுத்த பழைய துணி. எஸ்தரின் துணி, இத்தனை வருடமும் அம்மா வைத்திருந்தது. அம்மா அதை இங்கேயே விட்டுப் போயிருக்கிறாள்.

கௌரி சட்டைப் பொத்தான்களைக் கழற்றிப் பிள்ளையை நெஞ்சோடு சேர்த்தாள். சின்னப் பாதங்கள் பனிக்கட்டியாய்க் குளிர்ந்தன. கிரேஸ் பின்னால் வந்து முடிச்சைப் போட்டாள். போட்டவள் சோபாவில் சாய்ந்த கணமே உறங்கிப்போனாள்.

அழுகை தேய்ந்து நின்றது. பாதங்களில் மெல்லச் சூடு ஏறியது. துணிக்குள் அந்தச் சின்ன முதுகு ஏறி இறங்கியது, மறுபடி ஏறியது. உலகத்தில் வேறு வேலையே இல்லாததுபோல் அத்தனை பிடிவாதமாக மூச்சு விட்டது. கௌரி மூச்சை அடக்கிக்கொண்டு அதையே பார்த்தாள். தானும் ஒருநாள் இப்படித்தான் ஒருத்தியின் நெஞ்சில் கிடந்திருக்கிறாள்.

வெளியே தெருவிளக்குகள் எரியத் தொடங்கின. நனைந்த முகத்தைத் துடைத்துக்கொள்ள, பிள்ளையை அணைத்திருந்த கைகளில் ஒன்று வேண்டியிருந்தது.

கௌரி பிள்ளையைக் கீழே வைக்கவில்லை.