இல்லாத கல்லுக்கு வாழைத்தண்டுச் சாறு

என் அப்பா ஆவுடைநாயகம் தனக்கு இல்லாத ஒரு வியாதியைத் தானே தேர்ந்தெடுத்தார். இருந்த வியாதியை வெளியே சொல்ல முடியாது என்பதுதான் காரணம்.

இருந்தது இது. பன்னிரண்டு வருடச் சர்க்கரை. அதனால் திரும்பத் திரும்பப் புண் வந்து முன்தோல் இறுகி, சிறுநீர் போகும் வழி ஊசித் துளை அளவுக்குச் சுருங்கிவிட்டது. மே மாதமே தென்காசியில் டாக்டர் உமாதேவி சொல்லிவிட்டார்.

"முன்தோலை எடுத்திரணும். அரை மணி நேர வேலை. தள்ளிப்போட்டா ஒரு நாள் மொத்தமா அடைச்சுக்கிடும், அப்புறம் கிட்னி போயிரும்."

அப்பா என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு மிகவும் தாழ்ந்த குரலில், "சுன்னத்தா மேடம்?" என்றார்.

"அறுவை ஒண்ணுதான். அவங்களுக்குக் காரணம் மார்க்கம். உங்களுக்குக் காரணம் மைசூர்பாகு."

ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒரு சொந்தக்காரர் பார்த்துவிட்டார். "கல்லடைப்பு" என்றார் அப்பா, யோசிக்காமல். கௌரவமான வியாதி. எங்கள் குடும்பத்தில் நாற்பது வயதுக்குள் ஒரு கல்லாவது வராத ஆணைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

வெட்கம் மட்டும் காரணமல்ல. புளியறைக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் சாஸ்தா கோயில் இருக்கிறது. பங்குனி உத்திரத்தன்று குடும்பத்தின் மூத்த ஆணுக்குத் தலையில் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை செய்வார்கள். உடம்பில் ஊனம் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஒன்பது வருடத்துக்கு முன்புவரை அது அப்பாவின் பெரியப்பா தலையில் இருந்தது. சர்க்கரையால் அவருக்கு இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். குடும்பக் கூட்டத்தில் எழுந்து, "ஊனப்பட்ட உடம்புக்குப் பரிவட்டம் ஆகாது" என்று சொன்னவர் என் அப்பா. அடுத்த உத்திரத்துக்கு அது அப்பா தலைக்கு வந்தது. பெரியப்பா இரண்டு வருடத்தில் இறந்துபோனார். அவர் மகன் ஆறுமுகநயினார் சித்தப்பா அன்றிலிருந்து அப்பாவிடம் சிரித்தேதான் பேசுகிறார். அப்பாவுக்கு அந்தச் சிரிப்புதான் பயம். அவருக்கு அடுத்த மூத்த ஆண் சித்தப்பாதான்.

எனவே திட்டம் இப்படி: அருவி சீசன் முடியட்டும், சொந்தக்காரர்கள் வந்து குளித்துவிட்டுப் போகட்டும், ஆடி கழிந்ததும் சத்தமில்லாமல் முடித்துவிடலாம். ஆஸ்பத்திரி விஷயம் கல்லூரியில் என்னோடு படிக்கும் அஹ்சனுக்கு மட்டும் தெரியும். கார் வைத்திருப்பவன் அவன்தான்.

ஜூலையில் சாரல் பிடித்தது. சிவகிரியிலிருந்து சித்தப்பா தலைமையில் ஒரு வேன் வந்து இறங்கியது. பதினேழு பேர், ஒரு ஸ்டவ், இரண்டு முழு வாழைத்தண்டு.

மறுநாள் காலை ஆறு மணிக்குச் சித்தப்பா செம்போடு அப்பா முன்னால் நின்றார்.

"குடிங்க அண்ணாச்சி. கல்லு தெறிச்சு ஓடிரும்."

"இப்பதான் காபி குடிச்சேன் நயினாரு."

"காபிக்கும் கல்லுக்கும் என்ன சம்பந்தம்? நான் கையால அரைச்சது."

அப்பா குடித்தார். மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். அரை மணி கழித்து அடுத்த செம்பு. உமாதேவி சொன்ன ஊசித் துளை எனக்கு ஞாபகம் வந்தது. நான் சித்தப்பாவிடம், "போதும் சித்தப்பா, டாக்டர் தண்ணியக் குறைக்கச் சொல்லியிருக்காங்க" என்றேன். கல்லடைப்புக்குத் தண்ணீரைக் குறைக்கச் சொன்ன டாக்டரை வேனே சேர்ந்து திட்டியது. மூன்றாவது செம்பு அதற்குத் தண்டனையாக வந்தது.

பிறகு இன்னொருவர் கண்டுபிடித்தார்: அருவித் தண்ணீர் இடுப்பில் அடித்தால் கல் பொடிந்துவிடும். அப்பாவை ஏற்றிக்கொண்டு ஐந்தருவிக்குப் போனார்கள். நானும் அஹ்சனும் பின்னால் காரில் போனோம்.

ஆண்கள் வரிசையில் எண்ணெய் வழிய நூறு பேர். போலீஸ்காரர் விசில் ஊதி ஊதி ஆளைத் தள்ளிக்கொண்டிருந்தார். எல்லோரும் துண்டோடு நிற்க, அப்பா மட்டும் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய் அருவிக்கு முதுகு காட்டி நின்றார். கண்களை மூடியிருந்தார். வேனில் வந்தவர்கள் அதைப் பக்தி என்று நினைத்தார்கள்.

வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்தார்.

"ஏலே குமரு. காலையிலேருந்து ஒரு சொட்டு போகலலே. முட்டிக்கிட்டு நிக்கி. வயிறு வெடிச்சிரும்போல இருக்கு."

நான் அஹ்சனைக் கூப்பிட்டேன்.

அவரைத் தாங்கிக் காருக்குக் கொண்டுபோனோம். "கல்லு நகருது! நல்ல சகுனம்!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். சாலையில் சுற்றுலா பஸ்கள். நன்னகரம் பக்கத்தில் கார் நின்றே போனது. பின்சீட்டில் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். அஹ்சன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.

"இந்தப் பையனுக்கும் தெரியுமா?" என்றார் அப்பா.

"கார் வேணும்ல அப்பா. சொல்லிட்டேன்."

பிறகு அஹ்சனிடம் பல்லைக் கடித்துக்கொண்டு, "உங்கள்ல எதுக்குய்யா செய்யுதாங்க?" என்று கேட்டார்.

"இப்ராஹிம் நபி காட்டின வழி மாமா. சுத்தத்துக்குன்னும் சொல்லுவாங்க. எனக்கு ஏழு வயசு. மாலை போட்டு, புதுச் சட்டை போட்டு, ஊருக்கே நெய்ச்சோறு."

"ஊருக்குச் சொல்லியா செஞ்சாங்க?"

"பத்திரிகை அடிச்சு மாமா."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பத்திரிகை அடிக்கும் அளவுக்கு இதில் பெருமை உண்டு என்பதை இந்த நிலைமையில் கேட்க வேண்டியிருந்தது அவருக்கு.

ஆஸ்பத்திரியில் டாக்டர் உமாதேவி இரண்டு முறை ட்யூப் போட முயன்றார். போகவில்லை. அடிவயிற்றை அழுத்திப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கு" என்றார். ஆக, அப்பா சொன்ன பொய் கடைசியில் உண்மையாகிவிட்டது.

"இப்பவே தியேட்டருக்குக் கொண்டுபோகணும். சர்க்கரை முந்நூறுக்கு மேல இருக்கு, அதனால உறவுக்காரங்க ரெண்டு பேர் கையெழுத்து வேணும். பையன் ஒண்ணு. இன்னொண்ணு யாரு?"

அம்மா வீரகேரளம்புதூரில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். வர ஒரு மணி நேரமாகும்.

"ஒரு மணி நேரம் கிடையாது" என்றார் உமாதேவி.

"நான் போடட்டா? மாமான்னுதானே கூப்பிடுதேன்" என்றான் அஹ்சன்.

அப்பா படுத்தபடியே தலையை ஆட்டினார். "தப்பா நினைக்காதய்யா. அந்தப் பேப்பர்ல இந்த ஆபரேஷன் பேரும், கீழ உறவுன்னு உன் பேரும் இருந்தா... எங்க ஆளுங்க என்னன்னு வாசிப்பாங்க?"

"எங்க ஜமாத்துலயும் என்னைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க மாமா" என்றான் அஹ்சன், முகம் மாறாமல்.

அப்போதுதான் கதவு திறந்தது. யாருடைய பைக்கிலோ தொற்றிக்கொண்டு வந்த ஆறுமுகநயினார் சித்தப்பா, தலையிலிருந்து இன்னும் அருவித் தண்ணீர் சொட்ட, கையில் நாலாவது செம்போடு நின்றார்.

"எங்க போடணும் கையெழுத்து?" என்றார்.

நர்ஸ் நீட்டிய படிவத்தை நான் எட்டிப் பிடித்தேன். அப்பாவின் கண்கள் என்மேல் இருந்தன. கொடுத்தால் பரிவட்டம் போகும். கொடுக்காவிட்டால் கிட்னி. இரண்டில் எதை நான் விட வேண்டும் என்று அவர் கண்கள் சொல்லவே இல்லை.

"குடுலே குமரு" என்றார் அப்பா. "நயினாரு, கல்லு இல்ல. பொய் சொன்னேன். முன்தோலு அடைச்சிருக்கு. அதை அறுத்து எடுக்கணும். வாசிச்சுட்டுப் போடு."

சித்தப்பா செம்பைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டினார். படிவத்தை முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். உமாதேவி கடிகாரத்தைப் பார்த்தார். அப்பாவின் மூச்சு சத்தமாகக் கேட்டது.

"எங்க அப்பாவுக்கு ரெண்டு விரலு அண்ணாச்சி" என்றார் சித்தப்பா, படிவத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "செருப்புப் போட்டா வெளிய தெரியாது. அன்னைக்கு நீங்க கூட்டத்துல எந்திச்சு, செருப்பைக் கழட்டிக் காட்டச் சொன்னீங்க."

அது எனக்குத் தெரியாது. அப்பா ஒருபோதும் சொன்னதில்லை.

"ஆமா" என்றார் அப்பா. "நான்தான் சொன்னேன். உத்திரத்துக்கு நீ கட்டிக்க. எல்லார் முன்னாலயும் நானே சொல்லிருதேன்."

சித்தப்பா பேனாவை அழுத்திக் கையெழுத்துப் போட்டார். உறவுமுறை என்ற இடத்தில் 'தம்பி' என்று எழுதினார். ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது.

நாற்பது நிமிடம். வெளியே பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். சித்தப்பா என்னிடம் கேட்டார்: "சாறை நான்தானலே ஊத்துனேன்?"

"மூணு செம்பு சித்தப்பா."

அவர் எழுந்து போய் நாலாவது செம்பை வாஷ்பேசினில் கொட்டிவிட்டு வந்தார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அப்பாவை அறைக்குக் கொண்டுவந்தபோது முகத்தில் பல மாதமாக இல்லாத ஒரு நிம்மதி இருந்தது. பக்கத்தில் ட்யூபோடு தொங்கிய பை நிறைந்திருந்தது. சித்தப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, எனக்குச் சர்க்கரை முந்நூத்தி எண்பது. டாக்டர் கால்லயே கண்ணா இருக்காரு. உங்க சட்டப்படி ஊனம் பாத்துக்கிட்டே போனா, கடைசியில சாஸ்தா தானேதான் துண்டைத் தலையில கட்டிக்கிடணும்."

அப்பா சிரித்தார். தையல் இழுத்தது, நிறுத்திக்கொண்டார்.

மாலையில் வேன் வந்தது. பதினாறு பேரும் கட்டிலைச் சுற்றி நின்று, "எங்க கல்லு? குப்பியில போட்டுக் குடுத்திருப்பாங்களே!" என்றார்கள். நான் ஒரு பொய்யைத் தயார் செய்தேன். என்னிடம் நல்ல பொய்கள் உண்டு. ஆனால் அப்பா கையை உயர்த்தினார். என்ன வியாதி, எதை எடுத்தார்கள், ஒன்பது வருடத்துக்கு முன் பெரியப்பாவிடம் எதைக் காட்டச் சொன்னார், எல்லாவற்றையும் படுத்தபடியே சொன்னார்.

பெண்கள் பழங்களை மேசைமேல் வைத்துவிட்டு வெளியேறினார்கள். ஆண்கள் தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.

அப்புறம் வராண்டாவில், ஒருவர் போனபின் ஒருவராக, மூன்று மாமாக்கள் என்னைத் தனியே ஓரங்கட்டி, டாக்டர் உமாதேவி எத்தனை மணிவரை இருப்பார் என்று விசாரித்தார்கள். மூவருமே நண்பர் ஒருவருக்காகத்தான் கேட்டார்களாம்.