கொய்யாக் குவளை

சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து அக்காவுக்கு எல்லாமே இரும்பாக ருசித்தது. பால் இரும்பு, கஞ்சி இரும்பு, தண்ணீர் துருப்பிடித்த இரும்பு. ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் உள்ளே போக வேண்டும், வெள்ளிக்கிழமை பரிசோதனையில் சிறுநீரகம் தேறவில்லை என்றால் மறுபடியும் படுக்கை, மறுபடியும் ஊசி என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் கைகளில் ஊசி ஏற்ற நரம்பு மிச்சமில்லை. நான் கெஞ்சினேன், திட்டினேன், ஒருமுறை டம்ளரைத் தரையில் வீசினேன். அவள் ஒரு வாய் குடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வேற எதுலயாவது குடுத்துப் பாரேன்டி" என்றாள் சுவரைப் பார்த்தபடியே.

கண்ணாடி, பீங்கான், மண் எல்லாம் பார்த்தாயிற்று. மிச்சம் இருந்தது மரம். மரம் என் பிழைப்பு. கட்டில் காலுக்கும் மாடிப்படிக் கம்பத்துக்கும் கடைசல் பிடிப்பவள் நான். குடிக்கிற பாத்திரம் செய்ததில்லை. இரும்பு இருப்பது அவள் நாக்கில், டம்ளரில் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் சும்மா உட்கார என்னால் முடியாது.

பட்டறையின் ஜன்னலோரம் அவளுக்கு மடக்குக் கட்டிலைப் போட்டேன். மதியம் முழுக்க வெயிலில் மரத்தூள் மிதந்தது. கடைசல் இயந்திரம் ஒரே சுருதியில் முனகியது. சுருள் சுருளாகச் சீவல்கள் அவள் போர்வை மேல் விழுந்து சேர்ந்தன. தூங்குகிறாள் என்று நினைக்கும்போது பேசுவாள்.

"மரத்துக்குள்ள நடந்துட்டிருந்தேன்டி. வட்ட வட்டமா நடை. ஒரு வட்டத்துல வெயில், அடுத்த வட்டத்துல மழை. எங்கேயோ தண்ணி ஓடுற சத்தம் கேக்குது, போய்ச் சேரத்தான் முடியல."

"சத்தம் கேட்டா போதாது, குடிக்கணும்" என்றேன். கனவில் இருப்பவளிடமும் எனக்குச் சண்டைதான்.

குடிக்கிற பாத்திரத்துக்கு எல்லா மரமும் ஆகாது. வேம்பு கசக்கும். தேக்கில் எண்ணெய் வாடை. பலா தண்ணீரை மஞ்சளாக்கிவிடும். சில மரங்களில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நீள நெடுக ஓடும். விரல் நீளத் துண்டு வெட்டி, ஒரு நுனியைத் தண்ணீரில் முக்கி, மறு நுனியை வாயில் வைத்து ஊதினால் குட்டு வெளிப்பட்டுவிடும். அந்த வேலையை அக்காவிடம் கொடுத்தேன். மூச்சு வாங்க வாங்க ஊதுவாள். குமிழி வந்தால், "இவன் ஓட்டைவாயன், தள்ளு" என்பாள்.

திங்கட்கிழமை ஒரு துண்டில் குமிழியே வரவில்லை. "இவன் அழுத்தக்காரன்" என்றாள். காற்றில் ஒடிந்து விழுந்த கொல்லைக் கொய்யாவின் கிளை அது. மணமில்லை, நெருக்கமான மரம். ஆனால் பச்சை மரம். மாதக்கணக்கில் உலர வேண்டும், கிளையின் நடுவில் இருக்கும் மெத்தென்ற பகுதியைப் பிளந்து ஒதுக்கிவிட்டுத்தான் குடைய வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள்தான் இருந்தது. வீட்டில் எனக்குப் பெயரே அவசரக்குடுக்கை. கிளையை அப்படியே இயந்திரத்தில் பூட்டிக் கடைந்தேன்.

சாயங்காலம் குவளையில் தண்ணீர் ஊற்றி நீட்டினேன். அக்கா அதைக் கையில் உருட்டி, மோந்து, யோசித்தாள். அதற்குள் அடியிலிருந்து ஒரு சொட்டு அவள் மடியில் விழுந்தது. பிறகு இன்னொன்று. நட்ட நடுவில் மயிரிழை விரிசல்.

"ஐயோ, ஒழுகுதுடி!"

"குடி, குடி, குடிச்சிடு!"

பதறிப்போய் ஒரே மூச்சில் மொத்தத்தையும் குடித்துவிட்டாள். முகவாயில் தண்ணீர் வழிய என்னைப் பார்த்தாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்து இரண்டு மாதமாகியிருந்தது.

"இரும்பா இருந்துச்சா?"

"ருசி பாக்க எங்கடி நேரம் குடுத்தே?"

மெழுகு உருக்கி விரிசலை அடைக்கக் குவளையைக் கேட்டேன். அவள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "அடைச்சே, அப்புறம் தொட மாட்டேன்."

அன்றிலிருந்து அதுதான் எங்கள் விளையாட்டு. நான் ஊற்றி, அடியில் உள்ளங்கையை ஏந்தி, "ஒழுகுது, ஒழுகுது" என்று கத்துவேன். அவள் மடக் மடக்கென்று குடிப்பாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, பன்னிரண்டு தடவை.

புதன்கிழமை மாலை என் உள்ளங்கையில் ஈரமே படவில்லை. மரம் தண்ணீரில் ஊறி உப்பி, விரிசல் தானாகவே மூடிக்கொண்டிருந்தது. இது தெரிந்தால் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாளே. காய்ந்த கையை ஏந்திக்கொண்டு முன்னைவிடச் சத்தமாகக் கத்தினேன். அவளும் குடித்தாள். வியாழன் முழுக்க அப்படியே ஓட்டினேன். கையைப் புடவையில் துடைத்துக்கொள்ளவும் மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை டாக்டர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஊசி வேண்டாம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கட்டிலில் சாய்ந்து, குவளையைக் கவிழ்த்து அடியை விரலால் தடவினாள்.

"புதன்கிழமையே நின்னு போச்சுடி."

"தெரிஞ்சுமா குடிச்சே? இரும்பா இல்லையா?"

"இரும்புதான். நல்ல இரும்பு" என்றாள். "வெறுங்கைய ஏந்திட்டு நீ அந்தக் கத்து கத்துறே. உங்கிட்ட எப்படி வேணாம்னு சொல்றது?"

நான் அழுதுவிட்டேன். அவள் குவளையை நிமிர்த்தி என் முன்னால் நீட்டினாள்.

"சரி, ஊத்து. கையை வை."