வெள்ளைக் கல்லில் பாதி

பாட்டிலைச் சாய்த்ததும் தரை நுரைத்துப் பொங்கியது. அழுக்குதான் கிளம்புகிறது என்று அம்சவல்லி நினைத்துக்கொண்டாள். முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி, குழாயடியில் தொடங்கி குளியலறையின் நடுப்பாகம் வரைக்கும் தாராளமாக ஊற்றிவிட்டு, வெளியே வந்து கொல்லைப்படியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் ஊறட்டும். ஐம்பத்தாறு வயதில் ஒரு பொம்பளை சும்மா உட்காருவதற்குக்கூட ஏதாவது ஒன்று ஊற வேண்டியிருக்கிறது.

இன்னும் நாலு நாளில் அவள் புருஷன் சாமிதுரைக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். நாத்தனார் நாகம்மாள் குடும்பத்தோடு முதல் நாளே வந்து இங்கே தங்கப்போகிறாள். நாகம்மாளுக்கு ஒரு வழக்கம். யார் வீட்டுக்குப் போனாலும் கை கால் கழுவுகிற சாக்கில் குளியலறையைத்தான் முதலில் பார்ப்பாள், பிறகுதான் மனிதர்களை. இந்த ஊர் போர் தண்ணீரோ எதில் விழுந்தாலும் மஞ்சளாக்கிவிடும். ஆறு வருஷமாக ஞாயிறு தவறாமல் சோப்புத்தூளும் தேங்காய் நாருமாக அந்த மஞ்சளோடு அம்சவல்லி மல்லுக்கட்டியிருக்கிறாள். இப்போது தோள்பட்டை ஒத்துழைக்கவில்லை. காலையில் மொபெட்டில் ஆசிட், பினாயில் என்று கூவிக்கொண்டு போனவனை நிறுத்தி ஒரு பாட்டில் வாங்கினாள். டைல்ஸ் என்றால் பரவாயில்லை, இது மார்பிள், ஆசிட்டை மட்டும் காட்டிவிடாதீர்கள் என்று, கல் வாங்கிய மன்னார்குடி கடையில் மூஸா பாய் அன்றைக்கே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதை அவள் மறந்துவிடவில்லை. ஒரு தடவைக்கு ஒன்றும் ஆகிவிடாது என்று அலுப்பு சொன்னதைக் கேட்டு வாங்கினாள்.

வீடு கட்டும்போது மற்றதெல்லாம் மகனும் கொத்தனாரும் பேசி முடித்தார்கள். குளியலறைத் தரை மட்டும் தன் இஷ்டம் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். வயசு ஏறிக்கொண்டு போகிறது, சொரசொரப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று மூஸா பாய் சாம்பல் நிற டைல்ஸை எடுத்துக் காட்டினார். அவள் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. பத்து வயதில் அம்மாவோடு மிராசுதார் வீட்டுக் குளியலறையைக் கழுவப் போயிருக்கிறாள். பால் மாதிரி வெள்ளைக் கல். கழுவி முடித்ததும் தன் கால்தடத்தைத் தானே துடைத்துக்கொண்டு பின்பக்கமாகவே நகர்ந்து வெளியே வர வேண்டும். தடம் கிடந்தால் அம்மாவுக்குத்தான் ஏச்சு. அவர்கள் குளித்ததெல்லாம் வாய்க்காலில், விடிவதற்கு முன்னால், கட்டிய துணியோடு. அப்படி ஒரு கல்லில், கதவைச் சாத்திக்கொண்டு, தனக்கே தனக்காக நிற்க வேண்டும். அவளுடைய ஆசை அவ்வளவுதான்.

நின்றாள், ஐந்து வருஷம் நிம்மதியாக நின்றாள். போன ஆடியில் சாமிதுரைக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டாம் வாரமே அந்தக் கல்லில் வழுக்கி விழுந்து உதடு கிழிந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் அவள்தான் உள்ளே அழைத்துப் போகிறாள். கொள்முதல் நிலையத்தில் முப்பது வருஷம் நெல் மூட்டை சுமந்த உடம்பு, அதன் பாரம் மொத்தமும் அவள் தோளில் இறங்கும். அவள் தண்ணீர் ஊற்றி முடிக்கிறவரை அவர் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்பார். அவமானம் அவரைத் தின்றுகொண்டிருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

ஓசூரிலிருந்து மகன் இளம்பரிதி போன் செய்யும்போதெல்லாம் ஒரே பேச்சுதான். போன வாரம் ஸ்பீக்கரில் போட்டிருந்தபோதும் அதையே கேட்டான்.

"அந்தக் கல்ல ஒடச்சு எடுத்துருவோம்மா. ஒனக்கு அப்பா முக்கியமா, கல்லு முக்கியமா?"

விசேஷம் முடிந்த மறுநாள் கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறானாம். பக்கத்து நாற்காலியில் சாமிதுரை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். விழுந்த நாளிலிருந்து இன்றுவரை அந்தக் கல்லைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை அவர். திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். புருஷன் விழுந்த கல்லின் மேல் இன்னும் ஆசை வைத்திருக்கிறோமே என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் ஆசை போகவில்லை.

எழுந்து போய்த் தண்ணீர் அடித்துக் கழுவினாள். நுரை போனது, மஞ்சள் போனது, கூடவே பளபளப்பும் போனது. குழாய்ப் பக்கத்துப் பாதி, சுண்ணாம்பு பூசியதுபோல் செத்து வெளுத்துக் கிடந்தது. தடவிப் பார்த்தாள். புதிதாகக் கொத்திய அம்மியாகச் சொரசொரத்தது. கதவுப் பக்கத்துப் பாதி, மஞ்சள் கறையோடு, பழையபடி மின்னிக்கொண்டிருந்தது. ஈரத்திலேயே உட்கார்ந்து அழுதாள். கல்லுக்காக அழுதாளா, தேய்த்துத் தீர்ந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்காக அழுதாளா என்று அவளுக்கே விளங்கவில்லை. பாட்டிலில் பாதி மிச்சம் இருந்தது. அதை மூடிக் கதவு மூலையில் வைத்தாள். என்ன நெடி என்று கூடத்திலிருந்து அவர் கேட்டார். ஒன்றுமில்லை என்றாள்.

மறுநாள் விடிந்தது தெரியாமல் தூங்கிப்போனாள். வாளியில் சொம்பு மோதுகிற சத்தம் கேட்டுத்தான் விழித்தாள். பக்கத்தில் அவர் இல்லை. எழுந்து ஓடினாள். குளியலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. கதவுப் பக்கத்துத் தரை காய்ந்திருந்தபோதே அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போயிருக்க வேண்டும். அந்த வெளுத்த பாதியில் கால்களை அகட்டி ஊன்றி, விளங்காத கை தொங்க, நல்ல கையால் தனக்குத் தானே தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். மேலே பட்டது பாதி, சுவரில் பட்டது பாதி. பத்து மாசத்துக்குப் பிறகு அவர் தனியாகக் குளிக்கிறார். அம்சவல்லி கதவுக்கு வெளியிலேயே நின்றாள்.

குளித்து முடித்துத் திரும்பியவர் அவளைப் பார்த்தார். ஒவ்வொரு அடியாக வைத்து, வெளுப்பு முடிகிற இடம் வரைக்கும் வந்தார். அதற்கு அப்பால் தண்ணீர் தெறித்து நனைந்த பளபளப்பு. அங்கேயே நின்றுவிட்டார். பழக்கத்தில் அவள் போய்த் தோளைக் கொடுத்தாள். அவர் உடனே பிடிக்கவில்லை.

"இங்க கால் பிடிக்குது அம்சா," என்றார். கதவு மூலையைப் பார்த்துவிட்டு, "அந்த பாட்டில்ல மிச்சம் இருக்கா?"

"இருக்குங்க."

"ஒன் ஆசைக் கல்லு. ஒனக்கு மனசு வந்தா பாரு."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அந்த நாலடியைக் கடந்தார்.

அவரை நாற்காலியில் உட்கார்த்தி, துவட்டி, காப்பி கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள். தரையைத் துணியால் ஒற்றிக் காயவைத்தாள். குழாயைத் திறந்து பாதங்களைக் கழுவினாள். கதவை உள்ளே சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, மின்னுகிற பாதியில் வந்து நின்றாள். கல் சில்லென்று இருந்தது. ஊற்றுவதென்றால் கதவைத் திறந்துவைத்து, பின்பக்கமாக நகர்ந்துகொண்டேதான் ஊற்றிக்கொண்டு வர வேண்டும். பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள். ஓரடி பின்னால் வைத்துக் கீழே பார்த்தாள். நின்ற இடத்தில் இரண்டு ஈரக் கால்தடங்கள், விரல் விரலாகத் தெளிவாகத் தெரிந்தன. துடை என்று சொல்ல யாரும் இல்லை. முதலில் அது தானாகக் காயட்டும், பிறகு ஊற்றலாம் என்று பாட்டிலைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.