பதினோராயிரம் ஜாதகங்கள்

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில், மாடியில் இயங்கிய திருமணத் தகவல் நிலையம் அது. அங்கிருந்த பழைய சர்வரில் புது பிராசஸரும் கூடுதல் மெமரியும் போட, 1997 ஐப்பசியில் ஒரு காலை போனேன். மழை விட்டு விட்டுப் பெய்தது.

உரிமையாளர் ஸ்ரீரங்கன் ஊரில் இல்லை. காமாக்ஷி மட்டும் இருந்தார். ஒன்பது வருடம் முன்பு தன் ஜாதகத்தைப் பதிய வந்தவர். வரன் அமையவில்லை. அங்கேயே வேலை அமைந்தது.

எட்டு எம்பி மெமரியில் கடைசி மூன்று வருடத்து ஜாதகங்கள்தான் அடங்கின. முந்தையவற்றை மெஷின் தொடுவதே இல்லை.

"இனிமே எல்லாத்தையும் பாக்குமா, ஆம்ப்ரோஸ்?"

"பாக்கும் மேடம். பதினோராயிரமும்."

"பாதிப் பேருக்குக் கல்யாணம் ஆகிக் குழந்தையே பொறந்திருக்கும்."

"மீதிப் பாதி?"

"அதைத்தான் அப்பாகிட்ட சொல்லிண்டிருக்கேன். மெஷினுக்கு எட்டாத இடத்துல யாரோ இருக்கார்னு." சிரித்தார். "உங்களுக்கென்ன, உங்க சர்ச்சுல மூணு ஞாயித்துக்கிழமை கல்யாண ஓலை வாசிச்சா முடிஞ்சுது."

நான் பிராசஸரை மாற்றினேன். மெமரியைச் சாய்த்து வைத்து அழுத்தினேன். சரியாக உட்காராவிட்டால் மெஷின் கத்தும். அன்று கத்தவில்லை.

"என்னதை மொதல்ல போடறேன்," என்று தன் பதிவு எண்ணை அடித்தார். 212.

வழக்கமாக ஒரு தேடலுக்கு நாற்பது நிமிடம் ஆகும். அதற்குள் கீழே போய்க் காபி வாங்கி வந்துவிடுவார். பழக்கத்தில் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அவர் திரும்புவதற்கு வெகுமுன்பே தேடல் முடிந்துவிட்டது. திரையை நான்தான் முதலில் பார்த்தேன். பொருந்திய வரன்கள்: 0.

ஈரக் குடையோடு வந்தவர் நின்றபடியே படித்தார். எண்ணைச் சரிபார்த்து மறுபடி ஓடவிட்டார். ஆறு நிமிடம். அதே பூஜ்யம்.

எனக்கு டம்ளரில் காபி ஊற்றினார். தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை. நான் கழற்றிய பழைய மெமரியைக் கையில் எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு மேஜையில் வைத்தார்.

"இன்னும் கொஞ்சம் போடலாமோ?"

போட்டால் தேடல் வேகமாகும், வரன் கூடாது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. டம்ளரை வைத்துவிட்டு மெஷினுக்குள் எட்டிப் பார்த்தேன்.

"மெஷின்ல இன்னும் ரெண்டு இடம் காலியா இருக்கு மேடம்."

"அப்படியா?" உலர விரித்து வைத்திருந்த குடையை மடக்கி மூலையில் சாய்த்தார். "அப்பா கேட்டா அதைச் சொல்றேன்."