லேபிள் இல்லாத டப்பா

முதல் டப்பா அந்த அக்கா தங்கை வீட்டுக்கு எப்போது வந்தது என்பதில் எனக்கு உறுதியில்லை. அக்கா ஒருநாள் மழைக்காலம் என்பாள், இன்னொருநாள் அதற்கும் முன்பே என்பாள். கேட்டதை வைத்துத்தான் சொல்கிறேன், முன்பின் பிசகலாம். டாக்டர் அறையில் நடந்ததை மட்டும் அவள் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதான் சொல்கிறாள்.

அக்கா வீட்டின் முன்னறையில் பார்லர் நடத்தினாள். இரண்டு நாற்காலி, ஒரு கண்ணாடி, தலை கழுவ ஒரு பேசின். தங்கை பெரிய துணிக்கடை ஒன்றில் வேலை பார்த்தாள். பிறந்தபோது அப்பா அவளுக்குச் சிரித்துக்கொண்டே வைத்த செல்லப்பெயர் மைக்கூடு. அவளும் சிரித்துக்கொண்டே அதை இருபத்தாறு வயதுவரை சுமந்தாள்.

ஆறு வருஷமாக அவளுக்குக் கிடங்கில்தான் வேலை. துணியைப் பிரித்து, மடித்து, விலைச்சீட்டு ஒட்டுவது. அவளுக்குப் பின்னால் சேர்ந்த பெண்களெல்லாம் ஒவ்வொருவராக முன் கவுண்டருக்குப் போனார்கள். ஒருநாள் துணிந்து மேலாளரிடம் கேட்டாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார்.

"உன் வேலையில குறையே இல்லம்மா. ஆனா முன்னாடி நிக்கணும்னா முகம் கொஞ்சம் பளிச்சுனு இருக்கணும்ல?"

அன்று வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் பார்லர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஊர்ல இருக்கறவளுக்கெல்லாம் பண்ணிவிடற. எனக்கு எப்பக்கா?"

"உனக்கு வெள்ளையடிக்க ஆளும் ஏணியும் வேணும்டி."

இருவரும் சிரித்தார்கள். அக்காதான் முதலில் நிறுத்தினாள். தங்கை கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாதம் ஒருமுறை பையோடு வரும் ஒரு பெண்மணி அக்காவுக்கு அந்த டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவாள். வெள்ளை பிளாஸ்டிக், மேலே லேபிள் கிடையாது. உள்ளே என்ன என்று அக்கா கேட்டதில்லை. வாடிக்கைக்காரப் பெண்களுக்கு வாரம் ஒருமுறை, விரல் நுனியில் தொட்டுத் தடவுவாள். சொந்தத் தங்கை என்பதால் கை தாராளமானது. தினமும் காலையும் மாலையும். கழுத்துக்கும் கைகளுக்கும் சேர்த்து.

முதல் வாரம் எரிந்தது. "எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றாள் அக்கா. எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அவளே நம்பிவிட்ட பேச்சு அது.

மூன்றாம் மாதம் முகம் நிஜமாகவே வெளுத்தது. ஐந்தாம் மாதம் முன் கவுண்டர். அக்கா யாரோ போலக் கடைக்குப் போய் அவளிடம் ஒரு கைக்குட்டை கேட்டாள்.

"என்ன கலர்ல பாக்கறீங்க மேடம்?" என்றாள் தங்கை, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு. அக்கா ஒன்றுக்கு இரண்டாக வாங்கிக்கொண்டு வந்தாள்.

பிறகு தங்கைக்குக் கால் வீங்கியது. நின்றே வேலை பார்ப்பதால் என்று விட்டுவிட்டார்கள். அப்புறம் கண்ணிமை வீங்கியது. கடையில் மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி.

டாக்டர் இளம்பெண். பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "கிட்னியில பாதிப்பு இருக்கு. முகத்துக்கு ஏதாவது க்ரீம் போடறீங்களா?" என்று கேட்டார்.

"பவுடர் மட்டும்தான் டாக்டர்" என்றாள் தங்கை.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நிறம் மாறறதுக்கு? பார்லர்ல ஏதாவது?"

"இல்ல டாக்டர்."

டாக்டர் அக்காவின் பக்கம் திரும்பினார். அந்தக் கணமே அக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தன் கை, அந்த டப்பா, வாரம்தோறும் வந்துபோன பெண்கள். டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். தங்கை மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லப் போதுமான நேரம் இருந்தது. நிறையவே இருந்தது.

"எனக்குத் தெரிஞ்சு இல்ல டாக்டர்" என்றாள் அக்கா.

வெளியே வந்ததும், "ஏன்டி பொய் சொன்ன?" என்று கேட்டாள்.

"உன்னைப் பிடிச்சுட்டுப் போயிட்டா? நீ ஏன் சொன்ன?"

"இன்னையோட நிறுத்திடுவோம்டி" என்றாள் அக்கா.

நிறுத்தினார்கள். ஒரே வாரத்தில் முகம் சிவந்து தடித்து, முன்னைவிடக் கறுத்தது. மேலாளர், சரியாகும்வரை கிடங்கில் இருக்கச் சொன்னார். அன்று மாலை தங்கை மறுபடி அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"இந்த ஒரு மாசம் மட்டும்கா. அப்புறம் சத்தியமா வேண்டாம்."

அக்கா வெகுநேரம் அவள் பின்னால் நின்றாள். பிறகு டப்பாவைத் திறந்தாள்.

இரண்டு மாதம் கழித்து அக்காவே அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு போய் டாக்டர் மேசையில் வைத்தாள். சோதித்ததில் பாதரசம் என்று வந்தது. டாக்டர் திட்டவில்லை. "அன்னைக்கே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தவர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

தங்கை ஒன்றரை வருஷம் டயாலிசிஸில் இருந்து, இருபத்தெட்டாவது வயதில் இறந்துபோனாள். துணிக்கடையில் அவள் இடத்துக்கு முன்பே வேறு பெண் வந்திருந்தாள். பை கொண்டுவந்த பெண்மணி அந்தத் தெருவுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். அக்கா தன் வாடிக்கைக்காரப் பெண்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய் விஷயத்தைச் சொன்னாள்; சிலர் அழுதார்கள், சிலர் நம்பவில்லை, ஒருத்தி அது வேறு எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். பார்லரை மூடிவிட்டு இப்போது ஒரு பள்ளிச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறாள். அப்பா அவளோடுதான் இருக்கிறார். இருவரும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள், பேசிக்கொள்வதில்லை.