ஏலத்தில் ஜெயித்த அறை

வீட்டில் அவருக்கு ஏலக்காரர் என்று பெயர். வைத்தது மனைவிதான். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிற மனிதர், ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு மழைக்காலத்தில், ஏலத்தளம் ஒன்றில் பாதி விலைக்கு நல்ல ஓட்டல் அறை ஒன்றைப் பிடித்துவிட்டார். அன்றைக்குப் பிடித்த சனி இன்னும் விடவில்லை. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட, இறந்தவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு அந்த அறையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

அந்தத் தளத்தின் விவகாரமே தனி. ஓட்டல் பெயரைச் சொல்லாது. எந்தப் பகுதி, எத்தனை நட்சத்திரம் என்று மட்டும் காட்டும். நாம் ஒரு விலை கேட்கவேண்டும். ஓட்டல்காரன் தலையாட்டினால் அந்த நொடியே நம் பணம் போய்விடும். அப்புறம்தான் பெயர் தெரியும். வேண்டாம் என்றால் ஒரு காசு திரும்பாது. மனைவி மருந்துக்கடையில் மருந்தாளுநர். என்ன மாத்திரை என்று தெரியாமல் முதலில் காசைக் கட்டிவிட்டு, பிறகு உறையைப் பிரித்துப் பார்க்கிறவனை அவள் தன் கடையில் ஒரு நாளும் பார்த்ததில்லை. கட்டிக்கொண்டதுதான் அப்படி வாய்த்துவிட்டது.

மகளுக்கு வெளியூரில் நீச்சல் போட்டி. பள்ளிக்கூடமெல்லாம் மூடி, ஊரே மூட்டை கட்டிக் கிளம்புகிற விடுமுறை வாரம். தேதி தெரிந்த அன்றே மனைவி கேட்டாள்.

"நீச்சல் குளத்துக்கு எதிர்லயே ஒரு ஓட்டல் இருக்காம். போன் பண்ணி ரூம் சொல்லிடவா?"

"முழு விலை கொடுத்து ரூம் எடுக்கறவன் ஏமாளி," என்றார் ஏலக்காரர். "கொஞ்சம் பொறு. கடைசி நேரத்துல ரூம் காலியா கெடந்தா ஓட்டல்காரனுக்குத்தான் வயித்தெரிச்சல். கேட்ட விலைக்குக் குடுப்பான்."

"எல்லாரும் ஊருக்குப் போற வாரத்துல ரூம் எப்படிங்க காலியா கெடக்கும்?"

"உனக்கு வியாபாரம் புரியாது."

காலையிலிருந்து மாலைவரை கல்லாவில் நிற்கிறவளுக்கு வியாபாரம் புரியாதாம். சிரித்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

ஏலக்காரர் குளத்துப் பகுதிக்கு விலை கேட்டார். முடியாது என்றது தளம். அதே பகுதிக்கு உடனே மறுபடி கேட்க முடியாது. பக்கத்துப் பகுதி ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் கேட்கலாம். சேர்த்தார். முடியாது. இன்னொன்றைச் சேர்த்தார். கடன் கேட்டுக் கதவு கதவாகத் தட்டுகிறவன் மாதிரி நகர் முழுக்கத் தட்டிக்கொண்டே போய், கடைசியில் எல்லையோரத்தில் ஒரு கதவு திறந்தது. வீடே அதிர ஒரு கத்தல்.

"ஜெயிச்சுட்டேன்! நாலு நட்சத்திரம்!"

உடனே மனைவியின் அண்ணனுக்குப் போன் போட்டார். கார் ஓட்டிக்கொண்டு கூட வரப்போகிறவர் அவர்தான். "மச்சான், நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. ராஜா மாதிரி தங்கலாம்!"

ராஜா தங்கவேண்டிய இடம் சரக்குக் கிடங்குகளுக்கு நடுவில் இருந்தது. இரண்டு பக்கமும் பெட்டி லாரிகள் உறுமிக்கொண்டிருந்தன. வரவேற்பு மேசையில் இருந்த பெண் கணினியைப் பார்த்தாள், பிறகு நால்வரையும் பார்த்தாள்.

"ஏலத்துல வந்தீங்களா சார்? அதுல ரெண்டு பேர் தங்கற ரூம்தான். ஒரே கட்டில்."

"அதெல்லாம் வந்து பேசிக்கலாம்னுதான்..." என்று இழுத்தார் ஏலக்காரர். "ஒரு எக்ஸ்ட்ரா பெட் போட்டுக் குடுங்க."

"சீசன் சார். இருந்ததெல்லாம் போயிடுச்சு. வேற ரூமும் இல்ல. கார் நிறுத்தறதுக்குத் தனிக் கட்டணம்."

அண்ணன் பைகளைக் கீழே வைத்தார். வீட்டு மாப்பிள்ளையை ஒரு சொல் சொல்லத் தயங்குகிற மனிதர். அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது: "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்."

அறை லிஃப்டை ஒட்டி இருந்தது. ஜன்னலைத் திறந்தால் சமையல் புகைபோக்கி. கட்டிலைச் சுற்றிவர ஒருக்களித்துத்தான் நடக்கவேண்டும். ஏலக்காரர் மட்டும் குளியலறைக்குள் நின்று குழாய்களைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"சுடுதண்ணி எப்படி வருது பாரு! சோப்புகூட நல்ல சோப்பு!"

"அப்பா, குளம் எங்க இருக்கு?" என்றாள் மகள். கையிலிருந்த போனில் வழி பார்த்துவிட்டாள். ஊரின் ஒரு கோடியில் அவர்கள், மறு கோடியில் குளம். நடுவில் இருந்த சாலையெல்லாம் நெரிசல் என்று ரத்தச் சிவப்பாகக் காட்டியது. காலையில் எல்லோருக்கும் முன்னால் போய் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளவேண்டிய பெண். முகம் சுருங்கிப்போனது.

அதைப் பார்த்ததும்தான் அம்மாவுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தோமே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. தாழ்வாரத்துக்கு வந்து, குளத்துக்கு எதிரே இருந்த அந்த ஓட்டலுக்குப் போன் போட்டாள்.

"இப்பதாம்மா ஒரு குடும்பம் வரலைன்னு சொன்னாங்க," என்றது ஒரு பெண் குரல். "மூணு கட்டில் ரூம். வேணும்னா உங்களுக்கே வைக்கறேன்."

விலை கேட்டாள். கணவர் ஊரைச் சுற்றிப் போராடி ஜெயித்த விலையைவிடக் கொஞ்சம்தான் அதிகம். சரி என்றாள். அவ்வளவுதான் வேலை.

உள்ளே வந்து மகளின் பையைத் தோளில் மாட்டினாள். "கிளம்புங்க அண்ணா. குளத்துக்கு எதிர்லயே ரூம் கெடச்சிருக்கு. மூணு கட்டில்."

"மூணா?" என்றார் ஏலக்காரர். "அப்ப நான்?"

"இது நீங்க ஜெயிச்ச ரூமாச்சே. பணமும் திரும்பாது. வீணாக்கலாமா?"

"தங்கச்சி, மாப்பிள்ளையைத் தனியா விட்டுட்டு எப்படி..."

"ராஜா மாதிரி இருப்பாரு. நீங்க வண்டிய எடுங்கண்ணா."

மறுநாள் காலை குளத்தில் மகள் நன்றாகவே நீந்தினாள். இறுதிச் சுற்று மயிரிழையில் தவறிவிட்டது. ஆனால் அவளுடைய பழைய வேகத்தை அவளே முறியடித்திருந்தாள். கரையேறியதும் மாமாவைக் கட்டிக்கொண்டு சட்டையெல்லாம் ஈரமாக்கினாள். தலை துவட்டி, உடை மாற்றி, பழச்சாறும் குடித்து முடித்த பிறகுதான் அப்பா வந்து சேர்ந்தார். இரண்டு பஸ் மாறி வந்தாராம். சட்டை கசங்கி, கண் சிவந்து, லாரிச் சத்தத்தில் தூங்காத முகம்.

அந்த முகத்தைப் பார்த்து மனைவிக்குக் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. பழச்சாறு ஒன்று வாங்கிக்கொண்டு வரலாம் என்று எழுந்து போனாள்.

திரும்பி வந்தபோது ஏலக்காரர் வேறு யாரோ ஒரு பிள்ளையின் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நாலு நட்சத்திரம் சார். பாதி விலை. கட்டில் முழுக்க நமக்கே. என்னா சுடுதண்ணிங்கறீங்க!"

"அப்படியா? எந்த சைட் சார் அது?" என்று கேட்டுக்கொண்டே அந்த மனிதர் போனை எடுத்தார்.

அந்த மனிதருக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாள், பாவம், என்று நினைத்துக்கொண்டாள். பழச்சாற்றைத் தானே குடித்துக்கொண்டு, இரண்டு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.